சாவிக்கொத்தும் சாவிக்கூடும்

பூட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். சாவிதான் மனிதனோடு ஊரெல்லாம் திரியும். பூட்டை வாங்கும்போது அதன் வலிமையைத் தட்டிப் பார்த்தும் இழுத்துப் பார்த்தும் வாங்குகிறவர்கள், அதன் சாவியை எவ்வாறு எடுத்துச் செல்வது என்பதைப் பற்றிப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. கிடைத்த வளையத்தில் கோத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கின்றனர். நாளடைவில் வளையத்தில் சாவிகள் பெருகுகின்றன, பை கிழிகிறது, நடக்கும்போதெல்லாம் ஓசை எழுகிறது, வேண்டிய சாவியை இருட்டில் தேடி எடுப்பது பெரும்பாடாகிறது. இக்குறைகளை நீக்கச் சாவிகளை அடுக்கி மடித்து வைத்துக்கொள்ளும் சிறு கூடு ஒன்றை அமைப்பது எப்படி என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இப்பொருளை ஆராய்வதற்கு மெர்சிங் ஏற்ற இடமாகும். ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கியிருக்கும் துறைமுக நகரம் அது. பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமான் தீவுக்கும், ஜொகூரின் ராவா, பெசார் முதலிய தீவுகளுக்கும் மெர்சிங் படகுத்துறையிலிருந்து செல்லலாம். ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைந்ததாதலால் படகுகள் கடலின் ஏற்ற வற்றத்தைப் பார்த்தே புறப்படுகின்றன. படகுத்துறைக்கு வந்தபின் சாவியை மறந்துவிட்டதை உணர்ந்தவர் திரும்பிச் சென்று வருவதற்குள் நீர் வற்றிவிடக்கூடும். உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். படகில் ஏறும்போது கை தவறினால் சாவி கடலடிக்குப் போய்விடும். மெர்சிங்கில் பயன்படத்தக்க சாவிக்கூடு எந்த ஊரிலும் பயன்படும் என்று துணிந்து கூறலாம்.

சொற்கள் காட்டும் வழி

பொருளின் வரலாற்றைச் சொல்லின் வரலாறு ஓரளவு காட்டும். தமிழில் பழைய சொல் 'தாழ்' என்பது. திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்து முதற்குறளில் இச்சொல் வருகிறது. நெடுநல்வாடையில் அரண்மனை வாயிற்கதவைப் பற்றிய பகுதியிலும் தாழ் பேசப்படுகிறது. தாழைத் திறக்கும் கோல் 'திறவுகோல்'. கோல் என்ற சொல்லே அக்காலத்துக் கருவி நீண்டதாக இருந்திருக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இன்று வழக்கிலுள்ள 'சாவி' போர்த்துகீசிய மொழியில் திறவுகோலைக் குறிக்கும் 'சாவே' என்னும் சொல்லிலிருந்து வந்தது. மேசை, அலமாரி, சன்னல் ஆகியனவும் அம்மொழியின் கொடையே. போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றினர்; மலாய் மொழியும் அவர்களிடமிருந்து 'மேஜா', 'அல்மாரி', 'ஜெண்டேலா' என்று இம்மூன்றையும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் சாவிக்கு மட்டும் மலாய் மொழி அவர்களை நாடவில்லை. வடமொழியின் 'குஞ்சிகா' என்பதிலிருந்து வந்த 'குஞ்சி' அங்கு முன்னரே நிலைபெற்றிருந்தது. (தமிழில் தலைமயிரைக் குறிக்கும் குஞ்சி வேறு.) பூட்டுக்கும் சாவிக்கும் பொதுவாக வழங்கும் அச்சொல்லோடு 'அனாக்' என்பதைச் சேர்த்து, 'அனாக் குஞ்சி' என்று சாவியைச் சிறப்பித்துக் கூறுவர். பூட்டின் பிள்ளை என்பது அதன் பொருள். தாயை வீட்டில் விட்டுப் பிள்ளை வெளியே சுற்றுவது போலத்தான் பூட்டும் சாவியும் இருக்கின்றன.

தொங்கு பூட்டுக்கு மலாய் மொழியில் 'மங்கா' என்றும் பெயருண்டு. மாம்பழத்தைக் குறிப்பதும் இதே சொல்தான். 'மங்கா' தமிழ் 'மாங்காய்' என்பதிலிருந்து பிறந்தது என்பது மொழியறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. திண்டுக்கல்லில் செய்யப்படும் பூட்டு வகைகளுள் ஒன்றற்கு 'மாங்காய்ப் பூட்டு' என்றே பெயர் வழங்குகிறது. இரு மொழியாரும் பூட்டின் வடிவில் ஒரே கனியைக் கண்டுள்ளனர்.

சாவி வீட்டை விட்டுப் புறப்பட்டது

சாவியைச் சுமந்து செல்லும் வழக்கம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. கூட்டுக் குடும்பம் நிறைந்த வீட்டில் பகலெல்லாம் யாரேனும் ஒருவர் இருப்பார். வாயிற்கதவைப் பூட்ட வேண்டிய தேவையே அரிது. உள்ளே உள்ள நெற்குதிர் அறை, பெட்டி, அலமாரி ஆகியவற்றின் சாவிகள் மட்டும் குடும்பத் தலைவியிடம் இருக்கும். அவர் அவற்றைக் கொத்தாக இடுப்பில் செருகிக்கொள்வார். வசதியுள்ள வீடுகளில் அக்கொத்தைத் தாங்கும் கொக்கி வெள்ளியால் ஆனதாக இருக்கும். வங்கத்துப் பெண்கள் புடவைத் தலைப்பில் சாவிக்கொத்தை முடிந்து தோளின்மேல் போட்டுக்கொள்வது வழக்கம். மாமியார் மருமகளிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார் என்றால் வீட்டின் ஆட்சியைக் கொடுத்தார் என்பது பொருள். அக்கொத்து ஒலிப்பதும் பிறர் கண்ணில் படுவதும் குறையாகக் கருதப்படவில்லை. அவை அதிகாரத்தின் அடையாளமாயின.

பிற நாடுகளிலும் ஆடைக்கேற்பவே சாவியின் இருப்பிடம் அமைந்தது. பையில்லாத ஆடை அணிந்த உரோமானியர், விரலில் மோதிரமாகவே அணியத்தக்க சிறு சாவிகளைச் செய்துகொண்டனர். ஐரோப்பியப் பெண்கள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இடுப்பிலிருந்து தொங்கும் சங்கிலிகளில் சாவி, கத்தரிக்கோல், ஊசிப்பெட்டி முதலியவற்றைக் கோத்துக்கொண்டனர்.

கடல் கடந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த நகரத்தாரின் கிட்டங்கிகள் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு போன்ற இடங்களில், ஒரே நீண்ட கூடத்தில் பல வட்டிக்கடைகள் அடுத்தடுத்து நடைபெற்றன. கடைக்கும் கடைக்கும் இடையே சுவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் உரிய பெட்டியும் அலமாரியுமே எல்லைகள். அத்தகைய இடத்தில் பெட்டிக்குப் பூட்டும், அதன் சாவி உரியவரின் உடம்பிலும் இருந்தே தீர வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாதபோதும், பிறரோடு ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்ளும்போதும் சாவி மனிதனோடு புறப்படுகிறது என்ற உண்மை இதனால் விளங்கும்.

இன்றைய குடும்பத்தில் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கின்றனர்; பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பகலில் வீடு ஆளின்றிக் கிடக்கிறது. ஆகவே ஒவ்வொருவரிடமும் சாவி வேண்டியுள்ளது. முன்பு ஒருவர் இடுப்பில் இருந்த கொத்து, இன்று நால்வர் பையில் நான்கு கொத்துகளாகப் பிரிந்திருக்கிறது. சாவிக்கூட்டின் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது.

பருத்த சாவியும் தட்டைச் சாவியும்

எல்லாச் சாவிகளையும் கூட்டில் அடக்கிவிட முடியாது. திண்டுக்கல் பூட்டு கைவினைஞரின் திறத்தால் புகழ் பெற்றது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. இரும்பினாலும் பித்தளையினாலும் ஆன அப்பூட்டினுள் பல நெம்புத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் முனையிலுள்ள பல்வரிசை ஒவ்வொரு தகட்டையும் உரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டுத் திறக்கும். அதற்கு உருண்ட தண்டும் அகன்ற பல்லும் கொண்ட சாவி வேண்டும். அத்தகைய சாவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையே வெற்றிடம் மிகுதியாகும். அவை ஆணியில் மாட்டவும் இடுப்பில் செருகவும் ஏற்றவை. மடித்து வைக்க ஏற்றவையல்ல.

அமெரிக்கரான லைனஸ் யேல் என்பவர் 1861இல் காப்புரிமை பெற்ற பூட்டு இந்நிலையை மாற்றியது. அதன் உருளையினுள் வில்லால் அழுத்தப்பட்ட சிறு ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வோர் ஊசியும் இரு துண்டுகளால் ஆனது. சாவியின் மேடுபள்ளங்கள் அவ்வூசிகளைத் தூக்கும்போது, துண்டுகள் சேரும் இடங்கள் யாவும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் நின்றால் உருளை சுழலும். ஒன்று தவறினாலும் சுழலாது. ஊசிகளைக் கொண்டு பூட்டும் எண்ணம் பண்டைய எகிப்தில் மரப்பூட்டுகளிலேயே இருந்தது. யேல் அதனைச் சிறிய உலோக உருளைக்குள் அடக்கினார். அதனால் சாவி தட்டையான சிறு தகடாகிவிட்டது. ஏட்டுச்சுவடி போல அடுக்கத்தக்க சாவி கிடைத்த பின்னரே கூடு என்ற எண்ணத்துக்கு இடமுண்டாயிற்று.

கூட்டின் அமைப்பு

மடக்குக் கத்தியின் அமைப்பே கூட்டுக்கு முன்மாதிரி. இரு தகடுகள், அவற்றின் இரு முனைகளிலும் இரண்டு திருகாணிகள், திருகாணிகளில் சாவிகளின் துளைகள். ஒரு முனையிலிருந்து பாதிச் சாவிகளும், மறுமுனையிலிருந்து மீதியும் உள்நோக்கி மடிந்து கிடக்கும். வேண்டியதை விரலால் தள்ளினால் கத்தி போல வெளியே வரும்.

எடுத்துக்காட்டாக, 6 தட்டைச் சாவிகளைக் கொள்வோம். ஒரு சாவியின் கனம் 2 மில்லிமீட்டர். எடை 9 கிராம். துளையின் நடுவிலிருந்து நுனிவரை நீளம் 50 மில்லிமீட்டர் என வைத்துக்கொள்வோம். 6 சாவிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக 12 மில்லிமீட்டர் உயரம் பெறும். சாவியோடு சாவி உராயாதிருக்க இடையிடையே அரை மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் வாஷர்கள் 5 வைத்தால் மேலும் 2.5 மில்லிமீட்டர். பக்கத்துக்கு 2 மில்லிமீட்டராக இரு தகடுகளுக்கு 4 மில்லிமீட்டர். ஆக மொத்தக் கனம் 18.5 மில்லிமீட்டர்.

ஒரு சாவி ஒரு திருகாணியில் இருக்கும்போது, அதே மட்டத்தில் எதிர்த் திருகாணியில் சாவி இராது. அவ்விடத்தில் சாவியின் கனத்துக்குச் சமமான வாஷரை இட வேண்டும். இதனை மறந்தால் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் தகடுகள் ஆப்புப் போலக் கோணிக்கொள்ளும். திருகாணியை முறுக்கினால் சாவிகள் அசையா, தளர்த்தினால் தாமாகவே வெளியே தொங்கும். வாங்கிய கூடு சில நாளில் பயனற்றதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

நீளத்தையும் கணக்கிட்டே வெட்ட வேண்டும். மடிந்த சாவியின் நுனி எதிர்முனை வாஷரில் இடிக்கலாகாது. வாஷரின் ஆரம் 5 மில்லிமீட்டர், இடைவெளி 2 மில்லிமீட்டர் எனக் கொண்டால், திருகாணிக்கும் திருகாணிக்கும் இடையே 57 மில்லிமீட்டர் வேண்டும். ஒவ்வொரு முனையிலும் தகடு 10 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் மொத்த நீளம் 77 மில்லிமீட்டர். அகலத்துக்கு 20 மில்லிமீட்டர் போதும். சாவியின் தலை தகட்டுக்கு வெளியே சிறிது துருத்திக்கொண்டிருப்பது நல்லது. நகத்தால் நெம்பி எடுக்க அதுவே பிடியாகும்.

திருகாணி தளர்வதைத் தடுப்பதும் இன்றியமையாதது. சாவியை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் திருகாணியும் சிறிதளவு திரும்ப முயலும். உள்ளே நைலான் வளையம் பதித்த நட்டு அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். பருத்த நெகிழித் தலையுடைய மோட்டார் வண்டிச் சாவியைக் கூட்டினுள் திணிக்க முயல்வது வீண். அதற்கெனத் திருகாணியில் ஒரு சிறு வளையத்தைப் பொருத்தி வெளியே தொங்கவிடுவதே தக்கது.

உப்புக்கு ஈடுகொடுத்தல்

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இவ்வுப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால் மின்கலம் ஒன்று தானே உண்டாகிறது. அவற்றுள் எளிதில் கரையும் உலோகம் விரைவாக அரிபடுகிறது. பித்தளைச் சாவியை இரும்பு வளையத்தில் கோத்தால் வளையம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடுகளுக்கிடையே பித்தளைச் சாவியை வைத்தால் அலுமினியத்தில் வெண்மையான பொடி படர்ந்து குழிகள் விழும். உள்நாட்டு நகரங்களில் இலேசானது என்பதற்காக விரும்பப்படும் அலுமினியக் கூடு, கடற்கரையில் இக்காரணத்தால் பின்தங்கிவிடுகிறது.

தோலுறை பழைய நாளிலிருந்தே வழக்கிலுள்ளது. அது கையை உறுத்தாது, ஓசையை அடக்கும். ஆனால் ஈரத்தைத் தன்னிடத்தே பிடித்து வைக்கும். மலேசியாவின் ஈரக் காற்றில் பூஞ்சணமும் பூக்கும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் பதப்படுத்திய தோலில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்புக் கறையை உண்டாக்கும். பழங்காலத்து மையும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்ததே என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர்.

ஆதலின் மெர்சிங்குக்கு ஏற்ற கூட்டில் தகடுகள் உறுதியான நெகிழியால் ஆகியிருக்க வேண்டும். திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகில் 316 என்று குறிக்கப்படும் வகையைச் சார்ந்திருக்க வேண்டும். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்பை நன்கு தாங்கும். பக்கங்கள் மூடப்படாமல் திறந்திருக்க வேண்டும்; அப்போதுதான் ஈரம் உலரும். கடலில் சென்று வந்த நாளில் நன்னீரில் அலசித் துடைத்து வைப்பது எல்லாவற்றினும் மலிவான பாதுகாப்பு.

மிதக்குமா?

படகிலிருந்து விழுந்தால் கூடு மிதக்க வேண்டும் என்று விரும்புவது இயல்பு. ஆனால் சிறியதாகவும் மிதப்பதாகவும் ஒரு கூட்டைச் செய்ய இயலுமா? கணக்கு விடை சொல்லும்.

மேலே கூறிய கூட்டில் சாவிகள் 54 கிராம். நெகிழித் தகடுகள் ஏறத்தாழ 7 கிராம். திருகாணிகளும் நட்டுகளும் 6 கிராம். மொத்தம் 67 கிராம். இவை அனைத்தும் நீரில் அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் 13 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் கடல் நீரின் எடை 1.025 கிராம். ஆகவே கூடு விலக்கும் நீரின் எடை 13 கிராமுக்குச் சற்று மேல். ஆர்க்கிமிடீசின் விதிப்படி எஞ்சிய 54 கிராம் அதனைக் கீழே இழுக்கும்.

தக்கையின் எடை கன சென்டிமீட்டருக்கு 0.2 கிராம் எனக் கொண்டால், ஒவ்வொரு கன சென்டிமீட்டர் தக்கையும் 0.825 கிராமைத் தாங்கும். 54 கிராமைத் தாங்க 65 கன சென்டிமீட்டர் தக்கை வேண்டும். அதாவது 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை. இது நீரோடு சமநிலையில் நிற்பதற்கு மட்டுமே போதும். நீர்மட்டத்துக்கு மேல் கண்ணில் படும்படி மிதக்க 6 சென்டிமீட்டர் விட்டமாவது வேண்டும். கூட்டின் மொத்தப் பருமனே 28 கன சென்டிமீட்டர்தான். கூட்டைவிட அதன் மிதவை பலமடங்கு பெரிதாகிவிடுகிறது! சட்டைப் பையில் அடங்கும் கூடு தானாகவே மிதக்கும் என்று எவரேனும் கூறினால், அதனுள் உள்ள சாவிகளின் எண்ணிக்கையைக் கேட்பது நலம்.

இனி ஒரே ஒரு சாவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 9 கிராம் எடையுள்ள பித்தளைச் சாவி சுமார் 1 கிராம் நீரை விலக்கும். எஞ்சிய 8 கிராமைத் தாங்க 10 கன சென்டிமீட்டர் தக்கை போதும். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை ஒன்று அச்சாவியைத் தாராளமாக மிதக்க வைக்கும். அது பெரிய நெல்லிக்காய் அளவுதான். எனவே கடலுக்குச் செல்லும் நாளில் வீட்டுச் சாவி ஒன்றை மட்டும் தக்கையோடு கோத்து எடுத்துக்கொண்டு, மற்ற ஐந்தையும் கரையில் நம்பிக்கையான இடத்தில் வைத்துச் செல்வதே முறை.

எண்ணிக்கையே அளவு

இக்கணக்குகள் அனைத்தும் ஒரே முடிவுக்கு இட்டுச் செல்கின்றன. கூட்டின் கனம், எடை, மிதப்பு ஆகிய மூன்றையும் முடிவு செய்வது சாவிகளின் எண்ணிக்கை. கைவினைஞர் எவ்வளவு நுட்பமாகத் தகட்டை மெலிதாக்கினாலும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைக்க இயலாது. தேவையற்ற சாவி ஒன்றை நீக்கினால் அதன் கனமும் வாஷரின் கனமும் சேர்ந்து 2.5 மில்லிமீட்டர் குறைந்துவிடும். ஆகவே கூடு செய்யத் தொடங்குமுன் கொத்திலுள்ள சாவிகளை மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றும் எந்தப் பூட்டுக்குரியது என்று பார்ப்பதே முதல் வேலை. நாள்தோறும் வேண்டுவன, எப்போதேனும் வேண்டுவன, எதற்கென்றே தெரியாதன என மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை மட்டுமே கூட்டுக்கு உரியது. இரண்டாவது வகை பெயர்ச்சீட்டுடன் வீட்டு ஆணியில் தொங்கலாம். மூன்றாவது வகையைச் சுமந்து திரிவதால் பயனில்லை.

பாதுகாப்புக்கும் இது பொருந்தும். 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து எடுத்த நிழற்படத்தைக் கொண்டே சாவியின் மேடுபள்ளங்களை அளந்து அதற்கு நகல் செய்ய முடியும் என்று காட்டினர். தேநீர்க் கடையில் மேசைமேல் பரப்பி வைக்கும் கொத்தைவிட, பற்கள் வெளியே தெரியாதபடி மடிந்திருக்கும் கூடு இவ்வகையில் சிறந்தது. அதன்மேல் வீட்டு முகவரியை எழுதி வைப்பது கூடவே கூடாது. கண்டெடுத்தவருக்குக் கதவையும் சேர்த்துக் காட்டியதாகும். தொலைபேசி எண் மட்டும் போதும்.

கூடு எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் தொலைந்து போகும் நாள் ஒன்று வரலாம். அதற்கு மாற்று, நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரிடம் இருக்கும் மறுசாவி. வீட்டில் எப்போதும் ஆளிருந்த காலத்தில் சாவியைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ஆளில்லாத இக்காலத்திலும், சாவியைக் கொடுத்து வைக்க ஒருவர் இருந்தால் பாதிச் சுமை குறைகிறது. பள்ளிகளில் அளவையும் மிதத்தலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர் வீட்டுச் சாவிக்கொத்தையே பாடமாகக் கொள்ளலாம். எடையை நிறுத்து, கனத்தை அளந்து, நீர் வாளியில் தக்கையோடு இட்டுப் பார்க்கும் மாணவன், ஒரு விதியைக் கற்பதோடு தன் குடும்பம் எத்தனை கதவுகளைப் பூட்டிக்கொண்டு வாழ்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்பான்.